ஒரு வினாடிக்கு அப்பால்

“இது என்ன நிறம்?”
“மஞ்சள்.”
“மஞ்சள். வெரி குட். இது?”
“நீலம்.”
“நீலம், சரி. ரெண்டையும் கலந்தா என்ன வரும்? நீ சொல்லு. தெரியலையா? நீ?”
“பச்சை, டீச்சர்.”
“பச்சை! எல்லாரும் சொல்லுங்க, பச்சை!”

தொடக்கப் பள்ளி வராந்தாவில் நடந்துபோகிற எவர் காதிலும் இந்தத் தாளம் விழும். இதில் யாரும் பேசாத இடைவெளிகள் எவ்வளவு நீளம்? அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1960-களின் பிற்பகுதியில் அதை அளக்கத் தொடங்கினார்.

அவர் அளக்க வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்காவில் அறிவியல் கல்வி பற்றிப் பெரும் பதற்றம் எழுந்தது. புதிய பாடத்திட்டங்கள் வந்தன. மனப்பாடம் வேண்டாம், பேட்டரியையும் பல்பையும் காந்தத்தையும் குழந்தையின் கையில் கொடுங்கள், தானே செய்து தானே கண்டுபிடிக்கட்டும் என்றன அவை. பொருள்கள் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தன. ஆனால் ரோ கேட்ட ஒலிப்பதிவுகளில் பேச்சு மட்டும் பழைய பேச்சாகவே இருந்தது. காவல் நிலைய விசாரணை வேகத்தில் கேள்விகள் பறந்தன. கேள்வி முடிந்து சராசரியாக ஒரு வினாடிக்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார், மாற்றிக் கேட்டார், அல்லது வேறு குழந்தையைக் கைகாட்டினார். குழந்தை வாய் திறந்தால் அது சொல்லி நிறுத்திய ஒரு வினாடிக்குள் மறுபடியும் ஆசிரியரின் குரல்தான். முந்நூறுக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் பெரும்பாலும் இதே கதை. மிகச் சிலவற்றில் மட்டும் குழந்தைகள் நீளமாகப் பேசினார்கள், ஊகித்தார்கள், ஒருவரோடொருவர் வாதாடினார்கள். அந்த வகுப்புகளில் ஆசிரியர்களின் மௌனம் மூன்று வினாடி அளவுக்கு நீண்டிருந்தது.

ரோ அடுத்துச் செய்ததுதான் அழகு. புதிய பாடநூல் எதுவும் தரவில்லை, புதிய கருவி எதுவும் தரவில்லை. கேள்விக்குப் பின் மூன்று வினாடி, பதிலுக்குப் பின் மூன்று வினாடி பொறுத்திருக்க மட்டும் ஆசிரியர்களைப் பழக்கினார். குழந்தைகளின் பதில்கள் மூன்று மடங்கு முதல் ஏழு மடங்குவரை நீண்டன. ‘தெரியாது’ என்பதும் பேசாமல் நிற்பதும் குறைந்தன. கேட்காமலே சொல்லும் பதில்கள் கூடின. “ஒருவேளை அதனாலதான் இருக்குமோ” என்ற வகை வாக்கியங்கள் தலைகாட்டின. குழந்தைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு மௌனங்களில் எது முக்கியம் என்று பார்த்தால், பதிலுக்குப் பின்னால் வரும் மௌனத்துக்குத்தான் ஆற்றல் அதிகமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஒரு குழந்தை “தண்ணி காணாமப் போயிடுச்சு” என்று சொல்லி நிறுத்துகிறது. அந்த இடத்தில் யாரும் குறுக்கிடாவிட்டால் இரண்டு வினாடி கழித்து “வெயில்ல வச்சிருந்தோம்ல, அதனால” என்று மீதியும் வரும். அந்த மீதிதான் அறிவியல்.

மூன்று வினாடி என்பது பெரிய தியாகம் இல்லையே, ஏன் யாராலும் முடியவில்லை? இங்கேதான் விஷயம் ஆசிரியரின் குணத்திலிருந்து விலகி மனித மூளைக்குள் போகிறது.

2009-இல் டான்யா ஸ்டைவர்ஸும் சகாக்களும் பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்தார்கள். ஜப்பானியம், டேனிஷ், லாவோ, மெக்சிகோவின் ட்செல்டால் என்று தொடர்பே இல்லாத மொழிகள். (தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால், நம் வீட்டுக் கூடத்தில் பேச்சு நடக்கும் விதத்தைப் பார்க்கையில், இடைவெளி என்று ஒன்று அகப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.) மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது. மொத்தச் சராசரி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லிவினாடி அளவு. விந்தை என்னவென்றால், ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால் அந்த ஒற்றைச் சொல்லை மூளை தேடி எடுத்து வாய்க்கு அனுப்ப 600 மில்லிவினாடி ஆகிறது. 600 பிடிக்கிற வேலை எப்படி 200-க்குள் முடிகிறது? எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே நம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்பதுதான் விடை. கேட்பதும் பேசத் தயாராவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இன்னொரு அளவும் இருக்கிறது. உரையாடல்களைச் சொல் சொல்லாக, மூச்சு மூச்சாக எழுதிவைத்து ஆராய்ந்த கேல் ஜெஃபர்சன், சாதாரணப் பேச்சில் மனிதர்கள் சகித்துக்கொள்ளும் மௌனத்தின் உச்சவரம்பு ஏறத்தாழ ஒரு வினாடி என்று கண்டார். அதைத் தாண்டினால் யாராவது எதையாவது சொல்லி அந்தக் குழியை மூடிவிடுகிறார்கள். ரோ வகுப்பறையில் கண்டதும் அதே ஒரு வினாடிதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: அந்த ஆசிரியர்கள் பொறுமையற்றவர்கள் அல்லர். கடைத்தெருவில் இருவர் பேசிக்கொள்கிற விதத்தில் குழந்தையோடு பேசினார்கள், அவ்வளவே. சிக்கல் என்னவென்றால் சின்னக் குழந்தைக்குப் பதிலைத் தொகுக்கப் பெரியவர்களைவிட நேரம் பிடிக்கும், கேள்வி கடினமாக இருந்தால் இன்னும் கூடும். இருவருடைய கடிகாரமும் ஒன்றல்ல.

இதன் மேல் இன்னொரு திரையும் விழுகிறது. 1990-இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஸ்டான்ஃபோர்டில் ஒரு விளையாட்டு போன்ற சோதனை வைத்தார். ஒருவர் தெரிந்த பாட்டொன்றின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரிலிருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டுகளில் பாதியாவது பிடிபடும் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் பிடிபட்டவை மூன்று. தட்டுகிறவரின் தலைக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது, எதிரில் இருப்பவருக்கு வெறும் டொக் டொக். தனக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல் எண்ணிப் பார்க்க மனித மனம் படும் பாடு இது. இருபது வருடம் கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்கு ‘பக்கத்தில் கடன் வாங்குவது’ பாட்டாகவே கேட்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது டொக் டொக்.

நம் வகுப்பறைகளுக்கு இதில் தனிப்பட்ட திறமை ஒன்று உண்டு: மௌனத்தை எழவே விடாத கூட்டுக் குரல். “தாவரங்கள் தம் உணவைத் தாமே தயா…” என்று ஆசிரியர் இழுக்க, “…ரிக்கின்றன!” என்று நாற்பது குரல் முடித்துவைக்கும். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது சார்!” எல்லோரும் பங்கேற்றது போலவே இருக்கும். யாருக்கு என்ன புரிந்தது என்பது மட்டும் அந்த ஓசையில் கரைந்துபோகும்.

சரி, பேச்சு அதிகமானால் நேரம்தானே வீண், வேறென்ன கெடுதல் என்று கேட்கலாம். எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் உள்ளிட்டோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத பதிலைத் தருகிறது. ஆய்வுக்காகவே ஒட்டிச் செய்த ஒரு வினோதப் பொம்மை, நிறையக் குழாய்கள் கொண்டது. ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம், ஓரிடத்தில் விளக்கு, ஓரிடத்தில் இசை, ஒரு குழாய்க்குள் முகத்தைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடி. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளைப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் பொம்மையை ஒவ்வொரு விதமாக அறிமுகம் செய்தார்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியர் பாணி: “இந்தப் பொம்மை எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறேன், பாரு” என்று கீச்சொலியைச் செய்து காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு, தற்செயலாகக் கை பட்டுச் சத்தம் வந்ததுபோல் “அட!” என்று வியந்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஆசிரியர் பாணியிலேயே கீச்சொலியைக் காட்டிவிட்டு, உடனே ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல் பாதியில் எழுந்துபோனார்கள். நான்காவதற்குப் பொம்மையை வெறுமனே கொடுத்தார்கள். பிறகு எல்லோரையும் விளையாட விட்டார்கள்.

முறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட குழந்தைகள் கீச்சொலியைச் சரியாகச் செய்தார்கள். செய்துவிட்டு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பொம்மையை வைத்துவிட்டார்கள். விளக்கையும் இசையையும் கண்ணாடியையும் கண்டுபிடித்தவர்கள் மற்ற குழுக்களில்தான் அதிகம். இது குழந்தையின் சோம்பல் என்று நினைத்தால் தவறு. அதன் தர்க்கம் கூர்மையானது: ‘இவருக்கு இந்தப் பொம்மை தெரியும். எனக்குச் சொல்லித்தரத்தான் உட்கார்ந்திருக்கிறார். வேறு ஏதாவது இருந்தால் காட்டியிருப்பாரே. காட்டவில்லை, ஆகவே இல்லை.’ ஆசிரியரை நம்புகிற குழந்தைதான் தேடுவதை நிறுத்துகிறது. பாதியில் எழுந்துபோன குழுவைக் கவனியுங்கள். அங்கே சொன்ன பாடம் அதேதான். ஆனால் பாடம் முடியவில்லை என்று குழந்தைக்குத் தெரியும், மீதி எங்கோ இருக்கிறது, தேடலாம். பாடத்தை முழுமையாக முடித்துக்காட்டுவதைப் பெருமையாக நினைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது சற்றே உறைக்கிற முடிவு.

பாராட்டிலும் இதே வேலை நடக்கிறது. ‘குட்’, ‘கரெக்ட்’ என்ற சொற்கள் மழையாகக் கொட்டும் வகுப்பில் குழந்தைகள் பதில் சொல்லும்போது கண் பொருளில் இல்லை, ஆசிரியர் முகத்தில் இருக்கிறது என்று ரோ குறித்திருக்கிறார். விடை சரியா என்று பொருளைச் சோதித்துத் தெரிந்துகொள்வதைவிட முகத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது எளிது.

இதை வைத்து ‘குழந்தையை விட்டுவிடுங்கள், தானே கற்கும்’ என்று கொடி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஆதாரமும் அவர்கள் பக்கம் இல்லை. பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் இல்லாத கற்பித்தல் புதிதாகக் கற்பவருக்குத் தோற்றுப்போகிறது என்று கடுமையாக வாதிட்டது. ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ளக்கூடிய விஷயங்கள் சிலதான். பொருளைத் தேடுவதிலேயே அந்தக் கொள்ளளவு தீர்ந்துவிட்டால் கற்க எதுவும் மிச்சமிருக்காது. 2011-இல் லூயிஸ் அல்ஃபியரியும் சகாக்களும் 164 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உதவியே இல்லாத கண்டுபிடிப்பு முறை நேரடிக் கற்பித்தலிடம் தோற்றது. ஆனால் தக்க உதவியோடு நடந்த கண்டுபிடிப்பு முறை மற்ற எல்லாவற்றையும் வென்றது.

தக்க உதவி என்றால் எவ்வளவு, எப்போது? 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கேல் ராஸ் மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேருக்கு 21 மரக்கட்டைகளால் ஒரு பிரமிடு கட்ட உதவும் பயிற்றுநரை உற்றுப் பார்த்தார்கள். கல்வியியல் மாணவர்கள் இன்று பாடமாகப் படிக்கும் ‘சாரம்’ என்ற கருத்து அங்கிருந்து வந்தது. கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் போன்றதே ஆசிரியரின் உதவி, சுவர் நிற்கும்வரைதான். வுட்டின் தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவான நடைமுறை ஒன்று கிடைத்தது: குழந்தை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, வென்றால் உடனே ஒரு படி குறை. கேட்க எளிது. செய்து பார்த்தால் தெரியும், கைக்கு எட்டுகிற கட்டையை எடுத்துக் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று. ‘ஒரு படி’ எது என்று தெரிய வேண்டுமானால் அந்த நிமிடத்தில் அந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழி இல்லை.

குழந்தையை மையமாக வைத்த வகுப்பறையில் ஆசிரியரின் வளர்ச்சி என்று நான் கருதுவது இதைத்தான்: தான் எப்படி நடத்தினேன் என்பதிலிருந்து குழந்தை என்ன நினைக்கிறது என்பதற்குக் கண் நகர்வது. இது புத்தகம் படித்து வருவதில்லை. அமெரிக்காவில் மிரியம் ஷெரினும் எலிசபெத் வான் எஸ்ஸும் கணித ஆசிரியர்களை அவ்வப்போது கூட்டி, ஒருவர் வகுப்பின் காணொளியை மற்றவர்களோடு பார்க்கவைத்தார்கள். ஆரம்பக் கூட்டங்களில் பேச்செல்லாம் ஆசிரியரைப் பற்றி, அவர் அங்கே என்ன செய்திருக்கலாம் என்ற தீர்ப்புகள். மாதங்கள் போகப்போக அதே ஆசிரியர்கள் “அந்தப் பையன் ஏன் இதை மூன்றால் பெருக்கினான்?” என்று காணொளியை நிறுத்தி ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ரோவும் தம் ஆசிரியர்களைத் தங்கள் வகுப்பு ஒலிப்பதிவைத் தாங்களே கேட்கவைத்தார். குழந்தை சொன்ன பதிலை அப்படியே எதிரொலிக்கும் பழக்கம் (“மஞ்சள்.” “மஞ்சள்!”) இரண்டாவது மௌனத்தைக் கொன்றுவிடுகிறது என்பது அப்படிக் கேட்டால்தான் பலருக்கு உறைக்கும். இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. மேசை ஓரத்தில் பத்து நிமிடம் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பிறகு தனியே கேட்க அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

மரியா மாண்டிசோரி இதை ஒலிநாடா இல்லாமலே எட்டினார். 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் அவர் திறந்த ‘குழந்தைகள் இல்ல’த்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, கட்டடக் காவலாளியின் மகள்தான் பார்த்துக்கொண்டார். ஒருநாள் அந்தப் பெண் தாமதமாக வந்தார். அலமாரி பூட்டப்படாமல் கிடந்தது. குழந்தைகள் தாங்களே பொருள்களை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அது திருட்டாகப் பட்டது. தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் குழந்தைகளுக்குப் பொருள்கள் பழகிவிட்டன என்று மாண்டிசோரி புரிந்துகொண்டார். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி என்ற வழக்கம் அதிலிருந்து வந்தது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் எடுத்துப் பொருத்துவதை நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்ததை அவர் எண்ணினார். சுற்றி மற்றக் குழந்தைகளைப் பாடவைத்தும், சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் வேலை நிற்கவில்லை. மருத்துவராகப் பயின்றவர் அல்லவா, நோயாளியைப் பார்ப்பதுபோல் குறுக்கிடாமல் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பயிற்சியை அவர் சென்னைக்கும் கொண்டுவந்தார். பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பில் 1939 நவம்பரில் அடையாறு வந்தவர், ஓலைக் கொட்டகைகளில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வகுப்பெடுத்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசுக்கு அவரும் மகன் மாரியோவும் எதிரிநாட்டவராகிவிட்டார்கள். மகன் அகமத்நகர் முகாமுக்கும் தாய் அடையாறு வளாகக் கட்டுப்பாட்டுக்கும் ஆளானார்கள். 1940 ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகனைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள். சில மாதங்களுக்கென்று வந்தவர் போர் முடியும்வரை இங்கேதான் இருந்தார்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் இந்த வழியைத் தொட்டது வெகு பின்னால். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் உருவான அட்டைமுறை அதற்கு ஒரு முன்மாதிரி, மாண்டிசோரியின் சாயலும் உண்டு. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார்ந்தார், கரும்பலகை குழந்தையின் உயரத்துக்கு இறங்கியது, குழந்தைகளின் படைப்புகள் தலைக்குமேல் கம்பிப்பந்தலில் தொங்கின. பாட அட்டைகளைப் படிப்படியாக வரிசைப்படுத்திய கற்றல் ஏணியில் தன் இடம் எது என்று பார்த்துக் குழந்தையே அட்டையை எடுத்து வரும். எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதை அட்டையே சொல்லும்: ஆசிரியர் முழுதாக உதவுவது, பாதி உதவுவது, சக மாணவர் முழுதாக உதவுவது, பாதி உதவுவது, தானே செய்வது, மதிப்பீடு என ஆறு குழுக்கள். வுட் கண்ட ‘கூட்டு, குறை’ அட்டைகளிலேயே அச்சாகியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். அதுவே அதன் பலவீனமும். உதவியின் அளவை அட்டை முடிவுசெய்தது, முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை அல்ல. எந்த அட்டை, எந்தப் பதிவு என்று கணக்குப் பார்ப்பதிலேயே நேரம் போனால் குழந்தையின் முகத்தைப் பார்க்க நேரம் ஏது? 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. பெயர்கள் அழகானவை. அரும்பில் உட்காரவைக்கப்பட்ட குழந்தைக்குக் கிடைப்பது எத்தனை வினாடி என்பதுதான் கேள்வி.

ரோவின் அளவுகளில் என்னை மிகவும் உறுத்தியது அதுவே. ஆசிரியர்களிடம் வகுப்பில் சிறந்த ஐந்து பேர், பின்தங்கிய ஐந்து பேர் யார் என்று அவர் கேட்டு வாங்கினார். பிறகு ஒலிப்பதிவை அளந்தார். சிறந்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வினாடி பொறுத்திருந்த அதே ஆசிரியர், பின்தங்கியவர்களுக்கு ஒரு வினாடிகூடத் தரவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இவனுக்குத் தெரியாது, நிற்கவைத்துக் கூச்சப்படுத்த வேண்டாம் என்ற இரக்கமாகவும் அது இருந்திருக்கலாம். நேரம் அதிகம் தேவைப்படும் குழந்தைக்கு நேரம் குறைவாகக் கிடைத்தது, அதனால் பதில் வரவில்லை, பதில் வராததால் அவனுக்குத் தெரியாது என்பது உறுதியானது. மூன்று வினாடிக்குப் பழகிய பிறகு அந்த வகுப்புகளில் இதுவரை வாயே திறக்காத குழந்தைகள் பேச ஆரம்பித்தார்கள். சில குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்கள் வைத்திருந்த எடைபோடலும் மாறியது.

நடைமுறையில் ஒரு இடைஞ்சல் உண்டு. பாயில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு குழந்தை மணிகளைக் கோத்து எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர், வாசலில் வந்து நிற்கும் பெற்றோருக்கோ பார்வையிட வரும் அதிகாரிக்கோ சும்மா உட்கார்ந்திருப்பவராகத்தான் தெரிவார். “பாடமே நடத்துறதில்லையாம்” என்ற பேச்சு தெருவுக்குப் போக ஒரு மாலை போதும். அவர் என்ன பார்த்தார் என்பதற்குப் பள்ளியில் எழுத்துச் சான்றும் இல்லை. பாடக்குறிப்பு ஏடு வகுப்புக்கு முன்னால் எழுதப்படுவது, என்ன நடத்தப்போகிறேன் என்பதே அதில் இருக்கும். வகுப்பு முடிந்த பின் இரண்டே வரி, ‘இன்று இந்தக் குழந்தை பதினேழை எண்ணும்போது பத்தைத் தாண்டி நின்றது, தானே திரும்பி வந்து எண்ணியது’ என்ற மாதிரி, எழுதத் தொடங்கிய ஆசிரியரிடம் அதிகாரி கேள்வி கேட்டால் காட்ட ஏதாவது இருக்கும். மறுநாள் அந்தக் குழந்தைக்கு எந்த அட்டையை எடுத்துவைப்பது என்பதற்கும் அந்த இரண்டு வரியே உதவும்.